இறகுப்பந்தில் புள்ளிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறகுப்பந்து ஆட்டத்தை முதன்முறையாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு வேகம் பிடிபட்டுவிடும், ஆனால் எண்கள் பிடிபடுவதற்குச் சற்று நேரமாகும். குறிப்பாக இரட்டையர் ஆட்டத்தில் யார் சர்வீஸ் போட வேண்டும், எங்கே நின்று போட வேண்டும் என்ற குழப்பம் பல ஆண்டுகளாக ஆடி வருபவர்களையும் விடுவதில்லை. சர்வதேசப் போட்டிகளில் 2006 முதல் வழங்கிவரும் 21 புள்ளி முறையை அடிப்படையாகக் கொண்டே கீழுள்ள விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஓர் ஆட்டத்தை வெல்ல எத்தனை புள்ளிகள் வேண்டும்?

ஓர் ஆட்டம் அதிகபட்சம் மூன்று கேம்களைக் கொண்டது. இரண்டு கேம்களை முதலில் வெல்பவரே வெற்றியாளர் என்பதால், முதல் இரண்டையும் ஒருவரே வென்றுவிட்டால் மூன்றாவது கேம் ஆடப்படுவதில்லை. ஒவ்வொரு கேமும் 21 புள்ளிகளுக்கானது. ஆடவர் ஒற்றையர், மகளிர் ஒற்றையர், ஆடவர் இரட்டையர், மகளிர் இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகிய ஐந்து பிரிவுகளுக்கும் கணக்கு ஒன்றேதான்.

செய்தித்தாள்களில் "செட்" என்று எழுதுகிறார்களே, அது வேறா?

வேறல்ல. "21-15, 21-18 என்ற நேர் செட்களில் வென்றார்" என்று விளையாட்டுச் செய்திகளில் படிப்பது டென்னிஸிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். விதிப்புத்தகத்தில் செட் என்ற சொல்லுக்கு இடமில்லை, அதில் கேம் என்றுதான் இருக்கிறது. பேசும்போது எதைச் சொன்னாலும் கேட்பவருக்குப் புரியும். இங்கே கேம் என்றே குறிப்பிடுகிறோம்.

சர்வீஸ் போடாதவருக்கும் புள்ளி கிடைக்குமா?

கிடைக்கும். சர்வீஸில் தொடங்கி, ஷட்டில் தரையைத் தொடும் வரையிலோ யாரேனும் தவறு செய்யும் வரையிலோ நீளும் அடிதொடரை ரேலி என்கிறோம். யார் சர்வீஸ் போட்டிருந்தாலும், ரேலியை வென்றவருக்கு ஒரு புள்ளி சேர்கிறது; அடுத்த சர்வீஸும் அவருடையதே. ஆகவே, சற்றுமுன் புள்ளி எடுத்தவர் யார் என்பது நினைவில் இருந்தால், இப்போது சர்வீஸ் யாருடையது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

20-20 என்று சமநிலை வந்தால் என்ன ஆகும்?

அதன்பின் 21-ஐத் தொட்டால் மட்டும் போதாது, இரண்டு புள்ளி இடைவெளியும் வேண்டும். 22-20, 23-21, 24-22 என்று இது நீண்டுகொண்டே போகலாம். ஆனால் முடிவில்லாமல் போவதற்கு விதி இடம் தரவில்லை: 29-29 ஆகிவிட்டால் 30-ஆவது புள்ளியை எடுப்பவர் ஒற்றைப் புள்ளி வித்தியாசத்திலேயே கேமை வென்றுவிடுவார். ஒரு கேமில் சாத்தியமான மிக உயர்ந்த கணக்கு 30-29 என்பது இதனால்தான். களங்களில் இந்த நிலையை "டியூஸ்" என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அதுவும் டென்னிஸிலிருந்து வந்த சொல்தான்.

20-ஐ முதலில் எட்டியவர் பாதி வென்றுவிட்டார் என்று நினைப்பது ஆபத்தானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆடவர் ஒற்றையர் அரையிறுதியில் லக்‌ஷயா சென் முதல் கேமில் 20-17 என்று முன்னிலையில் இருந்தார். கேமை முடிக்க மூன்று வாய்ப்புகள் கையில் இருந்தும், விக்டர் ஆக்செல்சன் தொடர்ந்து ஐந்து புள்ளிகளை எடுத்து 22-20 என்று அந்தக் கேமைப் பறித்துக்கொண்டார். 2017-இல் கிளாஸ்கோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் மகளிர் இறுதியாட்டம் இன்னும் நெருக்கமானது: நொசோமி ஒகுஹாரா 21-19, 20-22, 22-20 என்று பி.வி. சிந்துவை வென்ற அந்த ஆட்டத்தின் மூன்று கேம்களும் இரண்டு புள்ளி வித்தியாசத்தில்தான் முடிந்தன.

ஒற்றையர் ஆட்டத்தில் எந்தப் பக்கம் நின்று சர்வீஸ் போட வேண்டும்?

சர்வீஸ் போடுபவர் தம்முடைய புள்ளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பூஜ்யமாகவோ இரட்டைப்படை எண்ணாகவோ இருந்தால் வலப்பக்கக் கட்டம். ஒற்றைப்படையாக இருந்தால் இடப்பக்கக் கட்டம். ஷட்டில் குறுக்காகப் பறந்து எதிர்ப்புறத்தின் மூலைவிட்டக் கட்டத்தில் விழ வேண்டும் என்பதால், எதிராளியும் அதற்கேற்ற கட்டத்தில் நின்று எதிர்கொள்வார். எதிராளியின் புள்ளிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான உண்மை தானாகவே கிடைக்கிறது. 20-20 என்ற நிலையில் சர்வீஸ் யார் கையில் இருந்தாலும் அது வலப்பக்கத்திலிருந்துதான் வரும். 29-29 என்ற நிலையில் எப்போதும் இடப்பக்கத்திலிருந்துதான் வரும்.

இரட்டையர் ஆட்டத்தில் யார், எங்கிருந்து சர்வீஸ் போடுவது?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மனத்தில் பதிய வேண்டியவை இரண்டு. முதலாவது, இங்கும் சர்வீஸ் போடும் அணியின் புள்ளி இரட்டைப்படையானால் வலப்பக்கக் கட்டத்தில் நிற்பவரும், ஒற்றைப்படையானால் இடப்பக்கக் கட்டத்தில் நிற்பவரும் சர்வீஸ் போடுவார்கள். இரண்டாவது, தம்முடைய சர்வீஸில் புள்ளி எடுக்கும்போது மட்டுமே அந்த அணியின் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள்; எதிரணியின் சர்வீஸில் புள்ளி எடுத்தால் யாரும் நகரக் கூடாது. இரண்டாவதை மறந்து, புள்ளி கிடைத்த மகிழ்ச்சியில் இடம் மாறி நின்றுவிடுவதுதான் நாம் களங்களில் காணும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

க, ச இருவரும் ஓர் அணி. த, ப இருவரும் மறு அணி என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் க வலப்பக்கமும் ச இடப்பக்கமும், எதிர்ப்புறத்தில் த வலப்பக்கமும் ப இடப்பக்கமும் நிற்கிறார்கள்.

கணக்கு 0-0. வலப்பக்கம் நிற்கும் க, எதிரே மூலைவிட்டத்தில் உள்ள த-வுக்குச் சர்வீஸ் போடுகிறார். ரேலியை க-ச அணி வெல்கிறது.

இப்போது 1-0. தம் சர்வீஸில் எடுத்த புள்ளி என்பதால் க-வும் ச-வும் இடம் மாறுகிறார்கள். க இடப்பக்கத்திலிருந்து ப-வுக்குச் சர்வீஸ் போடுகிறார். இம்முறை த-ப அணி வெல்கிறது.

இப்போது 1-1. சர்வீஸ் த-ப அணிக்குப் போகிறது, ஆனால் நால்வரில் ஒருவரும் நகரவில்லை. அந்த அணியின் புள்ளி 1, அதாவது ஒற்றைப்படை. ஆகவே இடப்பக்கம் நிற்கும் ப சர்வீஸ் போட, தம் இடப்பக்கத்தில் நிற்கும் க அதை எதிர்கொள்கிறார். ரேலியை க-ச வெல்கிறார்கள்.

இப்போது க-ச அணிக்கு 2-1. எதிரணியின் சர்வீஸில் எடுத்த புள்ளி என்பதால் இடமாற்றம் இல்லை. இரட்டைப்படை என்பதால் வலப்பக்கம் நிற்பவர் போட வேண்டும். அங்கே நிற்பவர் ச. அவர் த-வுக்குப் போடுகிறார். ரேலியை த-ப வெல்கிறார்கள்.

இப்போது 2-2. வலப்பக்கம் நிற்கும் த, ச-வுக்குப் போடுகிறார். மீண்டும் த-ப வெல்ல, அவர்களுக்கு 3-2 ஆகிறது. தம் சர்வீஸில் எடுத்த புள்ளி அல்லவா, இப்போது த-வும் ப-வும் இடம் மாறுகிறார்கள். த இடப்பக்கத்திலிருந்து க-வுக்குப் போடுகிறார்.

நான்கு ஷட்டில்களையோ நான்கு காசுகளையோ மேசைமேல் வைத்து இந்தத் தொடரை ஒருமுறை நகர்த்திப் பார்த்தால் மறுபடி மறக்காது. ஒரே அணி தொடர்ந்து புள்ளி எடுக்கும் வரை சர்வீஸ் ஒரே ஆளிடம் இருக்கும் என்பதையும், சர்வீஸ் கைமாறித் திரும்பி வரும்போது எப்போதும் கூட்டாளிக்குப் போகும் என்பதையும் நகர்த்தும்போதே கவனிக்கலாம்.

சர்வீஸ் போட்டு முடித்த பிறகு யார் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம், நிற்கலாம். கட்டக் கணக்கெல்லாம் சர்வீஸ் போடும் அந்தக் கணத்துக்கு மட்டுமே.

தவறான ஆள் சர்வீஸ் போட்டுவிட்டால் எடுத்த புள்ளி ரத்தாகுமா?

ஆகாது. முறை தவறிச் சர்வீஸ் போட்டாலும், முறை தவறி எதிர்கொண்டாலும், தவறான கட்டத்தில் நின்றிருந்தாலும், பிழை தெரிய வரும்போது அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்; அதுவரை சேர்ந்த புள்ளிகள் அப்படியே நிற்கும். "அந்த மூன்று புள்ளியும் செல்லாது" என்று வாதிடுபவருக்கு விதி துணை நிற்காது.

நடுவர் சில சமயம் குறைந்த எண்ணை முதலில் சொல்வது ஏன்?

சர்வீஸ் போடும் அணியின் புள்ளியைத்தான் அவர் முதலில் சொல்வார். 15-9 என்று பின்தங்கியிருந்தவர் ஒரு ரேலியை வென்றால், "சர்வீஸ் ஓவர், 10-15" என்று அறிவிப்பு வரும். சர்வீஸ் ஓவர் என்றால் சர்வீஸ் கைமாறியது என்று பொருள். ஆட்டத்தின் தொடக்கத்தில் கேட்கும் "லவ் ஆல், ப்ளே" என்பதில் லவ் என்பது பூஜ்யம். 20 புள்ளியை எட்டியவர் அடுத்த புள்ளியில் கேமை வெல்லலாம் என்றால் "கேம் பாயின்ட்" என்றும், ஆட்டத்தையே வெல்லலாம் என்றால் "மேட்ச் பாயின்ட்" என்றும் நடுவர் சேர்த்துச் சொல்வார்.

முதல் சர்வீஸை யார் போடுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

காசு சுண்டித்தான். டாஸ் வென்றவர் சர்வீஸ் தொடர்பான தேர்வையோ, களத்தின் எந்தப் பக்கம் என்ற தேர்வையோ எடுத்துக்கொள்ளலாம், மற்றது எதிராளிக்கு. இரண்டாவது, மூன்றாவது கேம்களில் முந்தைய கேமை வென்றவர் முதல் சர்வீஸைப் போடுவார். இரட்டையரில் வென்ற அணியின் எவரும் அதைப் போடலாம், தோற்ற அணியின் எவரும் எதிர்கொள்ளலாம்.

எந்தெந்தத் தவறுகளுக்கு எதிராளிக்குப் புள்ளி போகும்?

அடித்த ஷட்டில் எல்லைக்கு வெளியே விழுந்தால், வலையைத் தாண்டாவிட்டால், கூரையைத் தொட்டால் புள்ளி எதிராளிக்கு. கோட்டின் மேல் விழுந்த ஷட்டில் உள்ளே விழுந்ததாகவே கருதப்படும். ஆடிக்கொண்டிருக்கும்போது உடலோ உடையோ மட்டையோ வலையைத் தொட்டாலும், ஷட்டில் உடலிலோ உடையிலோ பட்டாலும், ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தாலும், கூட்டாளிகள் ஒருவர் பின் ஒருவராக அடித்தாலும் தவறுதான். வெளியே போய்க்கொண்டிருந்த ஷட்டில் நம்மீது பட்டுவிட்டால் "அது எப்படியும் வெளியேதான் விழுந்திருக்கும்" என்று சொல்லிப் பயனில்லை.

சர்வீஸுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அடிக்கும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே என்று முன்பு இருந்த விதி ஆளுக்கு ஆள் உயரம் மாறுவதால் ஓயாத தகராறுக்கு வழிவகுத்தது; 2018-இல் இந்த நிலையான அளவு நடைமுறைக்கு வந்தது. இரு கால்களின் ஒரு பகுதியாவது தரையில் ஊன்றி அசையாமல் இருக்க வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது. விழ வேண்டிய பரப்பும் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடும்: ஒற்றையரில் சர்வீஸ் கட்டம் நீளமானது, குறுகலானது, இரட்டையரில் பக்கவாட்டில் அகலம் கூடும், ஆனால் பின்கோட்டுக்கு 76 சென்டிமீட்டர் முன்னதாகவே கட்டம் முடிந்துவிடும். ஒற்றையர் ஆடிப் பழகியவர் இரட்டையரில் நீளமாகச் சர்வீஸ் போட்டுப் புள்ளியைத் தாரை வார்ப்பது இதை மறப்பதால்தான்.

சர்வீஸ் வலையைத் தொட்டுவிட்டு உள்ளே விழுந்தால் மறுபடி போட வேண்டுமா?

வேண்டியதில்லை. டென்னிஸில்தான் அப்படி. இறகுப்பந்தில் சரியான கட்டத்தில் விழும் சர்வீஸ், வலையின் மேற்பட்டையை உரசிச் சென்றிருந்தாலும் செல்லும். எதிராளி நின்று பார்த்துக்கொண்டிருந்தால் புள்ளி போய்விடும்.

அப்படியானால் ரேலியை மறுபடி ஆட வைக்கும் "லெட்" எப்போது?

எதிராளி தயாராவதற்கு முன் சர்வீஸ் போட்டுவிட்டால், ஆடும்போதே ஷட்டில் உடைந்து சிதறினால், பக்கத்துக் களத்தின் ஷட்டில் உள்ளே வந்து விழுவதுபோல் எதிர்பாராத இடையூறு நேர்ந்தால், கோட்டு நடுவர் பார்க்கத் தவறி நடுவராலும் முடிவு சொல்ல இயலாவிட்டால் லெட் அறிவிக்கப்படும். சர்வீஸை எதிர்கொண்டு அடித்த பிறகு ஷட்டில் வலையின் மேல் சிக்கி நின்றாலும் லெட்டே; சர்வீஸே அப்படிச் சிக்கினால் அது தவறு. லெட் ஆன ரேலி நடக்காததாகவே கருதப்படும். கடைசியாகச் சர்வீஸ் போட்டவரே மறுபடி போடுவார்.

11 புள்ளி வந்ததும் ஆட்டம் ஏன் நிற்கிறது?

ஒவ்வொரு கேமிலும் முன்னிலையில் இருப்பவர் 11-ஐ எட்டும்போது 60 விநாடிக்கு மிகாத இடைவேளை உண்டு. கேம்களுக்கு இடையே 120 விநாடிகள். முதல் கேம் முடிந்ததும், மூன்றாவது கேம் தொடங்குமுன்னும் பக்கம் மாறுவார்கள். மூன்றாவது கேமில் 11-ஐ எட்டியதும் மறுபடி மாறுவார்கள். அரங்குக்குள் காற்றோட்டம் ஒரு பக்கமாக ஷட்டிலைத் தள்ளினால், அதன் பாதகம் ஒருவர் தலையிலேயே முழுவதும் விழக் கூடாதல்லவா. ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ள ஷட்டிலுக்கு மெல்லிய காற்றே போதும்.

தொடர்ந்து ஆறேழு புள்ளிகளை இழந்து தடுமாறுபவருக்கு அந்த 60 விநாடி பெரிய வரம். இடைவேளைக்குப் பிறகு ஆட்டத்தின் போக்கே திரும்பிவிடுவதை அடிக்கடி காணலாம்.

நடுவரின் முடிவைக் கேள்வி கேட்க முடியுமா?

கேமரா வசதி உள்ள பெரிய போட்டிகளில், ஷட்டில் உள்ளேயா வெளியேயா என்பதை மட்டும் முறையீடு செய்யலாம். அடுத்த சர்வீஸுக்கு முன் உடனே கேட்டுவிட வேண்டும். ஓர் ஆட்டத்தில் இரண்டு முறையீடுகள் பொய்த்துப்போனால் அந்த உரிமை முடிந்துவிடும். சரியாக அமைந்த முறையீடு கணக்கில் குறையாது. கைவசம் உள்ள இரண்டையும் முதல் கேமிலேயே ஆத்திரத்தில் செலவழித்துவிட்டு, மூன்றாவது கேமின் 19-19-இல் கையைப் பிசைந்து நிற்பவர்களும் உண்டு.

அட்டை காட்டினால் புள்ளி குறையுமா?

எடுத்த புள்ளி குறையாது. மஞ்சள் அட்டை எச்சரிக்கை மட்டுமே. சிவப்பு அட்டை காட்டப்பட்டால் அது ஆட்டத்தில் செய்த தவறுக்குச் சமம் என்பதால் எதிராளிக்கு ஒரு புள்ளி போகும். கறுப்பு அட்டை என்றால் வெளியேற்றம்.

மொத்தத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்க முடியுமா?

தாராளமாக. 21-19, 8-21, 21-19 என்று ஓர் ஆட்டம் முடிந்தால், வென்றவர் எடுத்தது 50 புள்ளிகள், தோற்றவர் எடுத்தது 59. கைவிட்டுப்போன கேமில் உடம்பை வருத்தாமல், அடுத்த கேமுக்காக மூச்சைச் சேமித்துக்கொள்ளும் உத்தி இதிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் ஒரு குழுவில் எல்லோரும் எல்லோருடனும் மோதும் பிரிவுச் சுற்றுகளில் அந்தச் சிக்கனம் திருப்பி அடிக்கலாம். மூன்று பேர் சம வெற்றிகளுடன் நின்றால், வென்ற கேம்களுக்கும் தோற்ற கேம்களுக்கும் உள்ள வித்தியாசம் பார்க்கப்படும். அதிலும் சமம் என்றால் புள்ளி வித்தியாசம். அங்கே 8-21 என்று விட்டுக்கொடுத்த கேம் கணக்குக் கேட்க வந்து நிற்கும்.

தாமஸ் கோப்பையில் 3-0 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

அது ஆட்டங்களின் எண்ணிக்கை. தாமஸ் கோப்பை, ஊபர் கோப்பை போன்ற அணிப் போட்டிகளில் ஒரு மோதலுக்கு மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர் என ஐந்து ஆட்டங்கள். மூன்றை வெல்லும் நாடு வெற்றி பெறும். 2022-இல் பாங்காக்கில் இந்தியா இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்தித் தாமஸ் கோப்பையை முதன்முறையாக வென்றது என்றால், முதல் மூன்று ஆட்டங்களையும் இந்தியா வென்றது என்று பொருள்.

பழைய 15 புள்ளி முறை எப்படி இருந்தது?

2006-க்கு முன் சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. எதிராளி ரேலியை வென்றால் அவருக்குச் சர்வீஸ் மட்டும் கிடைக்கும், எண் நகராது. மகளிர் ஒற்றையருக்கு 11 புள்ளிகள், ஏனைய பிரிவுகளுக்கு 15. இரட்டையரில் ஓர் அணியின் இருவரும் ஒருவர் பின் ஒருவராகச் சர்வீஸ் இழந்த பிறகுதான் அது எதிரணிக்குப் போகும். 2001-இல் புல்லேலா கோபிசந்த் ஆல் இங்கிலாந்து இறுதியாட்டத்தில் சென் ஹாங்கை 15-12, 15-6 என்று வென்றது இந்தக் கணக்கில்தான். அந்த எண்களை இன்றைய 21-உடன் ஒப்பிட்டு எளிய வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது.

14-3 என்று ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய முறையில் 15-ஆவது புள்ளிக்கு, சர்வீஸ் யாருடையதானாலும், ஒரு ரேலியை வென்றால் போதும். அன்றோ, தம் சர்வீஸில் அந்த ஒரு ரேலியை வென்றாக வேண்டும். சர்வீஸ் அங்கும் இங்குமாகப் பத்து முறை கைமாறினாலும் பலகையில் 14-3 அப்படியே இருக்கும். விழுந்தவர் எழுந்துவர அதிக வாய்ப்பு தந்த முறை அது என்று பழைய ஆட்டக்காரர்கள் ஏங்குவதில் நியாயம் இருக்கிறது. மறுபுறம், ஓர் ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை ஒளிபரப்புக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. மாற்றம் வந்தபின் ஆட்டங்கள் எல்லாம் குறுகிவிட்டன என்றும் சொல்வதற்கில்லை: 2016 ஆசியச் சாம்பியன்ஷிப்பின் மகளிர் இரட்டையர் அரையிறுதி ஒன்று இதே 21 புள்ளி முறையில் 161 நிமிடங்கள் நீடித்தது.

21 புள்ளி முறையை மாற்ற முயற்சி நடந்ததா?

பலமுறை. 11 புள்ளிகள் கொண்ட ஐந்து கேம்கள் என்ற யோசனை 2018-இலும் 2021-இலும் உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பில் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என்ற நிலையில் இரண்டு முறையும் தோற்றது. இரண்டாவது முறை மயிரிழையில். பின்னர் 2025-இல் 15 புள்ளிகள் கொண்ட மூன்று கேம்கள் என்ற வடிவம் சில போட்டிகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. கேம் குறுகினால் தொடக்கத்திலேயே பின்தங்குபவர் மீண்டுவருவது கடினமாகும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். வீரர்களின் உடல் தேய்மானம் குறையும் என்பது ஆதரவாளர்களின் வாதம். எந்த வடிவம் நிலைத்தாலும், ரேலியை வென்றவருக்கே புள்ளி என்பதில் இந்த யோசனைகள் எதுவும் கை வைக்கவில்லை. இரட்டைப்படைக்கு வலம், ஒற்றைப்படைக்கு இடம் என்ற கணக்கும் அப்படியே இருக்கிறது.